வீட்டுக்குள் விஞ்ஞானம்: தடுமாறாத பானை



நேற்று ஆக்கிய சோறு பூவாக இருந்தது. இன்று அதே கையால், அதே பானையில், அதே அளவு தண்ணீர் வைத்து ஆக்கிய சோறு குழைந்துபோய்விட்டது. எல்லா வீடுகளிலும் நடக்கும் சங்கதிதான் இது. அரிசி புதியதாக இருந்திருக்கலாம். விறகு ஈரமாக இருந்திருக்கலாம். யன்னல் வழியே காற்று அடித்து நெருப்பை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கலாம்.

சமைக்கத் தெரிந்த பெண் இதற்கெல்லாம் கலங்குவதில்லை. மூடியைத் திறந்து பார்ப்பாள். அகப்பையில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். நெருப்பைக் குறைப்பாள், கூட்டுவாள். நிலைமை மாறமாற அவளது கையும் மாறுகிறது. அதனால்தான் அரிசியும் அடுப்பும் காற்றும் மாறினாலும் சோறு பெரும்பாலும் ஒரே பதத்தில் வந்து சேருகிறது.

கண்ணும் கையும் மூக்கும் உள்ள மனிதருக்கு இது சரி. இவை எதுவுமில்லாத இயந்திரம் இதை எப்படிச் செய்யும்? வெளியிலிருந்து வரும் இடையூறுகளையும் முன்கூட்டி அறிய முடியாத மாற்றங்களையும் அது எப்படிச் சமாளிக்கும்? பொறியியலில் இதற்கென்றே ஒரு பெரிய துறை இருக்கிறது. ‘உறுதிமிகு கட்டுப்பாடு’ என்று அதைச் சொல்லலாம். ஆகாய விமானம் முதல் கணினி வரை அதன் ஆட்சிதான். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அதன் அடிப்படைப் பாடத்தைக் கற்றுக்கொள்ள நமது குசினியில் இருக்கும் றைஸ் குக்கரே போதும்.

தோற்றுப்போன மரத்தொட்டி

இரண்டாம் உலக யுத்தம் 1945இல் முடிந்தபோது ஜப்பான் சாம்பல்மேடாகக் கிடந்தது. அந்த இடிபாடுகளுக்கு இடையே டோக்கியோவில் ஒரு சிறிய நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் ‘சோனி’ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அதுதான். அவர்கள் ஆரம்பத்தில் செய்து பார்த்த பொருட்களுள் ஒன்று மின்சாரத்தில் சோறு ஆக்கும் தொட்டி. மரத்தொட்டி ஒன்றின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி மின்சாரம் பாய்ச்சினார்கள்.

சோறு வந்ததா? சில நாட்களில் வந்தது. பல நாட்களில் ஒன்றில் வேகாமல் இருந்தது, அல்லது குழைந்துபோனது. அரிசியின் இனம் மாறினால் பதம் மாறியது. தண்ணீரின் அளவு மாறினால் பதம் மாறியது. அந்தத் தொட்டி சந்தைக்கு வரவேயில்லை.

அந்த மரத்தொட்டியின் குறை என்ன? எல்லாம் கணக்குப்படி இருந்தால் மாத்திரமே அது ஒழுங்காக வேலை செய்தது. கணக்கு சற்றுப் பிசகினால் அதுவும் பிசகிவிட்டது. உலகத்தில் எந்தக் குசினியில் எல்லாம் கணக்குப்படி இருக்கிறது?

ஒரு தாயின் குறிப்புப் புத்தகம்

சில வருடங்கள் கழிந்தன. தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஷோகோ யமாடா என்பவர் சலவை இயந்திரங்களை விற்பதற்காக ஊர் ஊராகப் போய்வந்தார். வீட்டு வேலைகளில் எது மிகவும் கஷ்டமானது என்று பெண்களிடம் கேட்டபோது, துணி துவைப்பதை விட மூன்று வேளையும் சோறு ஆக்குவதே கஷ்டம் என்ற பதில் அவருக்குக் கிடைத்தது. அந்நாளைய ஜப்பானியப் பெண்கள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, சோறு வேகும் வரை அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது.

தானாகச் சோறு ஆக்கும் பானையைச் செய்துதரும் பொறுப்பை யமாடா ஒரு சிறிய தொழிற்சாலையின் சொந்தக்காரரான யொஷிதாடா மினாமியிடம் ஒப்படைத்தார். அவர் இயந்திரம் தெரிந்தவர். சோறு ஆக்கத் தெரியாதவர். ஆகவே அந்த ஆராய்ச்சி அவருடைய மனைவி ஃபுமிக்கோவின் கைக்கு வந்தது.

ஃபுமிக்கோ பொறியியல் படித்தவர் அல்லர். பிள்ளைகளைப் பராமரித்துக்கொண்டு, கணவரின் தொழிலுக்கும் உதவிக்கொண்டிருந்த குடும்பப் பெண். அவர் நாள்தோறும் சோறு ஆக்கினார், அளந்தார், எழுதி வைத்தார். எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர், எத்தனையாவது நிமிடத்தில் எவ்வளவு சூடு என்று குறித்துக்கொண்டே போனார். கடைசியில் தெளிவான ஓர் உண்மை வெளிப்பட்டது: தண்ணீர் கொதித்த பிறகு ஏறக்குறைய 20 நிமிடங்கள் அந்தச் சூட்டிலேயே வெந்தால் சோறு பதமாகிறது. அதற்குக் குறைந்தால் உள்ளே அரிசி இருக்கிறது. அதிகமாகப் போனால் குழைகிறது.

அப்படியானால் 20 நிமிடத்தில் நிற்கும்படி ஒரு மணிக்கூட்டைப் பொருத்திவிட்டால் போதுமே என்று நீங்கள் நினைக்கலாம். போதாது. கொதி எப்போது வரும் என்பது மணிக்கூட்டுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் பிந்தி வரும், கோடையில் முந்தி வரும். பானை நிறைய அரிசி போட்டால் பிந்தும், கொஞ்சமாகப் போட்டால் முந்தும். மின்சாரம் பலவீனமாக வந்தால் இன்னும் பிந்தும். மணிக்கூடு பானையைப் பார்ப்பதில்லை. அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரே காவலாளி

மினாமி தம்பதியர் கண்ட வழி மிக அழகானது. பானைக்குள் பானை வைத்தார்கள். உள்பானையில் அரிசியும் தண்ணீரும். வெளிப்பானையில் ஒரு குவளைத் தண்ணீர். அது கொதித்து வற்ற ஏறக்குறைய 20 நிமிடங்கள் எடுக்கும்.

தண்ணீர் இருக்கும் வரை அது கொதிநிலைக்கு மேல் சூடேறாது. எவ்வளவு நெருப்பு வைத்தாலும் சமுத்திர மட்டத்தில் 100 பாகை செல்சியஸோடு நின்றுவிடும். மேற்கொண்டு வரும் சூடு முழுவதும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் கடைசித் துளி வற்றிய மறுகணமே பானையின் சூடு சடுதியாக 100 பாகையைத் தாண்டி ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து வளைகின்ற ஒரு இரட்டை உலோகத் தகடு மின்சாரத்தை வெட்டிவிடும். அவ்வளவுதான்!

இதில் உள்ள நுட்பத்தைச் சற்று நின்று கவனியுங்கள். மின்சாரம் பலவீனமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 207 வோல்ற்தான் வருகிறது. குறைவு பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சூடு அதைவிட அதிகமாக, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மணிக்கூடு வைத்த பானை என்றால் அன்று அரைவேக்காடுதான். மினாமியின் பானையில் என்ன நடக்கும்? சூடு குறைந்தால் வெளிப்பானைத் தண்ணீர் வற்றுவதும் தாமதமாகும். ஆகவே அரிசிக்கும் கூடுதல் நேரம் கிடைக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பானை தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. அது நிமிடத்தை எண்ணவில்லை, உள்ளே போன சூட்டை எண்ணுகிறது.

தான் செய்ததன் விளைவைத் தானே பார்த்து, அதற்கேற்ப அடுத்த காரியத்தைத் தீர்மானிக்கும் இந்த முறையைப் பொறியியலாளர் ‘பின்னூட்டல்’ என்பர். இந்த எண்ணம் மிகப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் எழுதிய ‘கிதாபுல் ஹியல்’ என்ற நூலில் ஏறக்குறைய நூறு கருவிகளின் விபரங்கள் இருக்கின்றன. எண்ணெய் குறையக் குறையத் தானே நிரப்பிக்கொள்ளும் விளக்கும் அவற்றுள் ஒன்று. காற்றிலும் அணையாத விளக்குக்குக்கூட அவர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் மினாமியின் பானைக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. ஜப்பானின் வடக்கே ஹொக்காய்டோவில் உறைபனிக் குளிர். அந்தக் குளிரில் பானையின் சூடு வெளியே கசிந்து கணக்கு குழம்பியது. ஃபுமிக்கோ உடல்நலம் குன்றிய நிலையிலும் குளிருக்குள் பானையை வைத்துச் சோதித்துக்கொண்டே இருந்தார். முடிவில் பானையின் சுவரைப் பல அடுக்காக்கி, நடுவில் காற்றை அடைத்துச் சூட்டைக் காத்தார்கள்.

1955 டிசம்பரில் அந்தப் பானை விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் வாங்குவாரில்லை. யமாடா கிராமம் கிராமமாகப் போய்ச் சோறு ஆக்கிக் காட்டினார். சில வருடங்களுக்குள் ஜப்பானியக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிக்கு அது போய்ச் சேர்ந்தது. ஆனால் ஃபுமிக்கோ அந்த நிம்மதியை நெடுங்காலம் காணவில்லை. ஐம்பது வயதை எட்டும் முன்னரே காலமாகிவிட்டார். எத்தனையோ இலட்சம் பெண்களுக்குக் காலைத் தூக்கத்தை மீட்டுக்கொடுத்த ஒரு பெண், தன் தூக்கத்தைச் செலவழித்தே அதைச் செய்தார்.

சஹன் கணக்கும் பெரிய கணக்கும்

இனி, படித்த பொறியியலாளர் இதே பிரச்சினையை எப்படி அணுகினர் என்று பார்ப்போம்.

1960களில் அவர்கள் கையில் அபாரமான கணிதம் ஒன்று இருந்தது. ஒரு இயந்திரத்தின் இயல்பையும் அதற்கு வரும் இடையூறுகளின் சராசரியையும் சொல்லிவிட்டால், அதை இயக்கும் ஆகச் சிறந்த முறையை அந்தக் கணிதம் சொல்லிவிடும். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் சொன்ன இயல்பிலிருந்து இயந்திரம் சற்று விலகினால் என்ன ஆகும்? 1978இல் ஜோன் டொயில் என்ற அமெரிக்கர், அப்போது இருபதுகளில் இருந்தவர், இந்தக் கேள்விக்கு மிகச் சிறிய கட்டுரை ஒன்றில் பதில் எழுதினார். அந்த முறையில் எவ்வளவு விலகலைத் தாங்கலாம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று நிரூபித்துக் காட்டினார். ஆகச் சிறந்தது என்று பெயர் பெற்ற முறை, சிறு பிசகிலும் நிலைகுலைந்து போகலாம் என்பதே அதன் பொருள்.

1981இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் சேம்ஸ் வேறொரு பாதையைத் திறந்தார். சராசரியை விட்டுவிட்டு, வரக்கூடிய ஆக மோசமான நிலையை எடுத்து அதற்கு ஆயத்தம் செய்யும் பாதை அது. இயந்திரம் இப்படித்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லாமல், இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்கும் இடையில் எப்படியும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, அந்த எல்லைக்குள் எது வந்தாலும் சமாளிக்கும்படி அமைப்பதுதான் இதன் சாரம்.

இது நமக்குப் புதிதல்ல. கலியாண வீட்டுக்கு எத்தனை சஹன் வைப்பது என்று கணக்குப் பார்க்கும் மூத்த பெண்கள் என்ன செய்கிறார்கள்? வருபவர் 225 பேர் என்று ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஆக்குவதில்லை. 200க்குக் குறையாது, 250ஐத் தாண்டாது என்று இரண்டு எல்லைகளை வைக்கிறார்கள். பிறகு 250 பேர் வந்தாலும் வீட்டுக்காரர் தலை குனியாதபடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். சேம்ஸ் கணிதத்தில் எழுதியதும் இந்த மனப்பான்மைதான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 200 பேர் மாத்திரம் வந்தால் சோறு மிஞ்சும். ஆக மோசமானதற்கு ஆயத்தமாகும் இயந்திரமும் அப்படியே. சாதாரண நாளில் அது கொஞ்சம் மந்தமாக இருக்கும், கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கும். எல்லையை மிக அகலமாக வைத்தால் வீண்விரயம். மிக ஒடுக்கமாக வைத்தால் அவமானம், சில வேளை ஆபத்து. எல்லை எங்கே என்று தீர்மானிப்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது.

எல்லையைத் தாண்டினால்

இன்று நமது வீடுகளில் உள்ள சாதாரண றைஸ் குக்கரில் வெளிப்பானைத் தண்ணீர் கிடையாது. அடியில் நடுவில் ஒரு வட்டமான பொத்தான் போன்ற பாகம் இருக்கிறதல்லவா? அதற்குள் ஒரு விசேட காந்தம் இருக்கிறது. 100 பாகைக்குச் சற்று மேலே போனதும் அதன் காந்த சக்தி போய்விடும். உடனே ஒரு சுருள்வில் ஆளியைத் தட்டிவிடும். பானைக்குள் தண்ணீர் இருக்கும் வரை அந்தச் சூடு வராது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் வந்துவிடும்.

அது ஏன் சரியாக 100 பாகையில் வைக்கப்படாமல் சற்று மேலே வைக்கப்பட்டிருக்கிறது? அதுதான் எல்லைக்கு விட்ட இடைவெளி. உப்புச் சேர்த்தால் தண்ணீர் சற்றுக் கூடிய சூட்டில் கொதிக்கும். நுவரெலியா போன்ற உயரமான இடத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். எங்கே கொதித்தாலும், தண்ணீர் வற்றியதும் சூடு ஏறுவது நிச்சயம். அந்த நிச்சயத்தையே குக்கர் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாறுகின்றவற்றை விட்டுவிட்டு மாறாத ஒன்றைப் பற்றிக்கொள்வது உறுதிமிகு கட்டுப்பாட்டின் இன்னொரு இரகசியம்.

ஆனால் அதே குக்கரில் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்துப் பாருங்கள். பால் அடியில் பிடித்துக்கொள்ளும். மேலே ஈரம் நிறைய இருக்கும்போதே அடி மாத்திரம் சூடேறி, ஆளி பாதியில் விழுந்துவிடும். குக்கர் பழுதாகிவிட்டது என்று கோபிக்க வேண்டாம். அது தனக்கு வகுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. எந்த உறுதியும் ஒரு வரம்புக்கு உட்பட்ட உறுதியே.

இதைவிடப் பெரிய ஆபத்து, சூட்டை உணரும் பாகமே பொய் சொல்வதுதான். குசினியில் அது சோற்றைக் கெடுக்கும். ஆகாயத்தில் உயிரைக் கெடுக்கும். 2018 ஒக்டோபர் 29ஆம் திகதி இந்தோனேசியாவின் லயன் எயார் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10ஆம் திகதி எத்தியோப்பிய விமானம் ஒன்று விழுந்து 157 பேர் இறந்தனர். இரண்டும் போயிங் 737 மெக்ஸ் ரகம். காற்றை எதிர்த்து விமானம் எந்தக் கோணத்தில் போகிறது என்று அளக்கும் உணரி தவறான அளவைக் கொடுத்தது. விமானத்திலிருந்த ஒரு தானியங்கி ஏற்பாடு அந்த ஒற்றை உணரியை நம்பி, மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அமுக்கியது. விமானிகள் போராடியும் மீட்க முடியவில்லை. அந்த ரக விமானங்கள் உலகெங்கும் நிறுத்தப்பட்டன. இரண்டு உணரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஏற்பாட்டை மாற்றிய பின்னரே, 2020 நவம்பரில் அமெரிக்கா அவற்றை மீண்டும் பறக்க அனுமதித்தது. ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொன்னதன் விலை 346 உயிர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இவ்வளவையும் அறிந்த பிறகு நம் வீட்டுக்குத் திரும்புவோம். பின்வருவனவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. குக்கர் பானையை உள்ளே வைக்கும் முன் அதன் அடியைத் துடைத்து உலர்த்துங்கள். நடுவில் உள்ள பொத்தானையும் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரேயொரு சோற்றுப் பருக்கை போதும், பானைக்கும் உணரிக்கும் இடையில் திரை விழுந்துவிடும். பிறகு அது அறிவது பானையின் உண்மையான சூட்டை அல்ல.

2. ஆளி மேலே வந்துவிட்டது என்பதற்காகக் கரண்டியையோ குச்சியையோ செருகி அழுத்தி வைக்காதீர்கள். அது காவலாளியின் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

3. ஆளி விழாமல் சூடு எல்லை மீறினால் உருகி மின்சாரத்தை நிறுத்தும் சிறிய உருகி ஒன்று பெரும்பாலான குக்கர்களில் இருக்கிறது. இது இரண்டாவது காவல். அது உருகிப்போனால் அதே வகையைப் போடச் சொல்லுங்கள். வெறும் கம்பியால் இணைத்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குக்கர் வேலை செய்யும், ஆனால் இனி அதைத் தடுக்க யாருமில்லை.

4. பிரஷர் குக்கரின் மேலே உள்ள விசில் எடையும், மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வும் இரண்டு வேறு காவல்கள். ஒன்று அடைபட்டால் மற்றது காக்கும். பருப்பு நுரைத்துத் துவாரத்தை அடைக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பானையை அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள்.

5. குளிர்சாதனப் பெட்டிக்குள் சூடான ஆணத்தைப் பானையோடு வைப்பதும், கதவைத் திறந்தபடி நின்று யோசிப்பதும் அதற்கு நாமே கொடுக்கும் இடையூறுகள். அது சமாளிக்கும். ஆனால் அந்தச் சமாளிப்புக்கான கட்டணம் மாதமுடிவில் நமது மின்சார பில்லில் வரும்.

சகோதரிகளே, இயந்திரம் என்றால் அது ஆண்பிள்ளைகளின் காரியம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் இந்தத் துறையின் ஆரம்பப் பாடங்கள் ஒரு குசினியிலும் எழுதப்பட்டன, ஒரு குடும்பப் பெண்ணின் குறிப்புப் புத்தகத்திலே. கொதி எப்போது வரும், அரிசி எவ்வளவு தண்ணீர் குடிக்கும், காற்று அடித்தால் நெருப்பை எப்படி வைப்பது என்று நீங்கள் நாள்தோறும் கவனிக்கும் விடயங்கள் அற்பமானவை அல்ல. உங்கள் மகள் அடுப்படியில் வந்து, “ஏன் உம்மா இது தானாக நிற்கிறது?” என்று கேட்டால், “அப்படித்தான்” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பானையைத் தூக்கி அடியில் இருக்கும் அந்தப் பொத்தானைக் காட்டுங்கள். தண்ணீரின் கதையைச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும். சோறு வேகும் நேரத்திலேயே சொல்லி முடித்துவிடலாம்.